கேஷ் சர்வர் லாக்ல ஒரு வரி எப்படி இருக்கணும்

நான் பாத்துக்கிட்டிருக்கிற ஒரு சைட்டுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு புகார் வந்துச்சு, "சில பேருக்கு மட்டும் பேஜ் ரொம்ப மெதுவா வருது"ன்னு. எல்லாருக்கும் மெதுவா வந்தா பிரச்சனையே இல்ல, எங்கயோ ஒரு கிராஃப் ஏறியிருக்கும், அத புடிச்சு போயிரலாம். சில பேருக்கு மட்டும்னா கிராஃப் எல்லாம் சமத்தா படுத்திருக்கும், ஆனா அந்த சில பேரு நிஜமாவே அவதிப்படுவாங்க. அப்போ ஒரே வழி லாக்தான், அதாவது ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சர்வர் எழுதி வைக்கிற வரி.

செட்டப் ரொம்ப சாதாரணம். முன்னாடி டிஎல்எஸ்-க்காக (எச்டிடிபிஎஸ் என்க்ரிப்ஷனுக்காக) என்ஜின்எக்ஸ்னு ஒரு வெப் சர்வர், அதுக்குப் பின்னாடி கேஷுக்கு (cache, ஒரு தடவை தயாரான பேஜோட காப்பிய வச்சிருந்து அடுத்தவங்களுக்குக் குடுக்கிறது) வார்னிஷ்னு ஒரு சர்வர், அதுக்கும் பின்னாடி பேஜ நிஜமா தயாரிக்கிற ஆப். வார்னிஷோட ரிக்வெஸ்ட் லாக வார்னிஷ்-என்சிஎஸ்ஏ-ங்கிற டூல் ஃபைல்ல எழுதிக்கிட்டிருந்துச்சு, டீஃபால்ட் ஃபார்மட்ல. ஃபைல திறந்தா ஒவ்வொரு வரியிலயும் முதல்ல 127.0.0.1 (அதே மெஷினோட ஐபி), அடுத்து ரெண்டு கோடு (-), அடுத்து ஸ்கொயர் பிராக்கெட்டுக்குள்ள தேதி நேரம், அடுத்து மேற்கோள் குறிக்குள்ள ரிக்வெஸ்ட், அப்புறம் 200, அப்புறம் எத்தனை பைட், ரெஃபரர் (எந்தப் பேஜ்லேர்ந்து வந்தாங்க), கடைசியா நீளமா யூசர் ஏஜென்ட் (எந்த பிரவுசர்). லட்சக்கணக்கான வரி இருக்கு, நான் கேக்குற கேள்வி ஒண்ணுக்கும் பதில் இல்ல. இந்த ரிக்வெஸ்ட் கேஷ்லேர்ந்து போச்சா ஆப்புக்குப் போச்சா? தெரியாது. எவ்வளவு நேரம் எடுத்துச்சு? தெரியாது. யார் கேட்டாங்க? எல்லாருமே 127.0.0.1தான், ஏன்னா வார்னிஷ் கண்ணுக்கு பக்கத்துல இருக்கிற என்ஜின்எக்ஸ் மட்டும்தான் தெரியுது.

இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அந்த ஃபார்மட் 1993 வாக்குல அமெரிக்காவுல இல்லினாய் யூனிவர்சிட்டில இருந்த என்சிஎஸ்ஏ-ங்கிற சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர்ல எழுதின வெப் சர்வரோட வந்தது, டூல் பேர்லயே அந்த நாலு எழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு. அந்தக் காலத்துல சர்வர் நேரா ஃபைல எடுத்துக் கொடுக்கும், நடுவுல கேஷ்னு ஒண்ணு கிடையாது, அதனால கேஷ் என்ன முடிவு எடுத்துச்சுன்னு எழுத ஒரு காலமும் (column) கிடையாது. அந்த ரெண்டு கோட்டுல முதல் கோடு ஐடென்ட்னு ஒரு ப்ரோட்டோகால் கொடுக்குற பேருக்காக வச்ச இடம், இன்னிக்கு அத யாருமே உபயோகிக்கிறதில்ல, ஆனாலும் கோடிக்கணக்கான வரியில அந்தக் கோடு அப்படியே வருது. அந்த ஃபார்மட் மேல எனக்கு மரியாதை உண்டு, எந்த லாக் அனலைசரும் அத படிச்சிரும். ஆனா கேஷ் சர்வருக்கு அது பத்தவே பத்தாது, இத நான் அழுத்திச் சொல்வேன்.

வார்னிஷ்ல ஒரு பெரிய வசதி என்னன்னா லாக் நேரா டிஸ்க்குக்குப் போறதில்ல. ஷேர்டு மெமரில ஒரு வட்டமா எழுதிக்கிட்டே இருக்கும், டீஃபால்ட்டா 80 எம்பி, நிரம்பினா பழசு மேலயே எழுதும். வார்னிஷ்-லாக், வார்னிஷ்-என்சிஎஸ்ஏ எல்லாம் அந்த மெமரிய வெளியிலேர்ந்து படிக்கிற தனி ப்ரோக்ராம்தான். அதனால ஓடிக்கிட்டிருக்கிற லாகரை தொடாம பக்கத்துல இன்னொரு டெர்மினல்ல வேற ஃபார்மட் குடுத்து இன்னொண்ண ஓட்டிப் பாக்கலாம், சர்வர ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம், கான்ஃபிக் மாத்த வேண்டாம், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஃபார்மட் எழுதப் பழகுறதுக்கு இத விட நல்ல இடம் நான் பாத்ததில்ல. நான் அன்னிக்கு அப்படித்தான் உக்காந்து ஒவ்வொரு ஃபீல்டா சேத்து சேத்துப் பாத்தேன்.

முதல்ல சேத்தது ஹிட்டா மிஸ்ஸாங்கிறது, அதாவது பதில் கேஷ்லேர்ந்தே போச்சா இல்லையான்னு. வார்னிஷ்-என்சிஎஸ்ஏ-ல ஹிட்மிஸ்னு ஒரு எக்ஸ்டெண்டட் ஃபீல்டு இருக்கு, அத போட்டா வரிக்கு வரி ஹிட் இல்லன்னா மிஸ்னு வரும். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, எண்ணிப் பாத்தா ஹிட் ஓரளவு அதிகமாவே இருந்துச்சு, ஆனா மிஸ் நான் நினைச்சத விட கூடவே இருந்துச்சு, அதுவும் ஹோம் பேஜ் மாதிரி எப்பவுமே கேஷ்ல இருக்க வேண்டிய பேஜுக்கெல்லாம் மிஸ். ஹோம் பேஜ நிமிஷத்துக்கு எத்தனையோ பேர் கேக்குறாங்க, அது எப்படி இத்தனை தடவை மிஸ் ஆகும்னு குழப்பம்.

அப்புறம் மேனுவல உக்காந்து ஒழுங்கா படிச்சப்பதான் புரிஞ்சது, ஹிட்மிஸ்ங்கிறது ரெண்டே பதில் சொல்ற ஃபீல்டு, ஹிட் இல்லாதது எல்லாத்தையும் மிஸ்ங்கிற ஒரே கூடையில போட்டுரும். பக்கத்துலயே ஹேண்ட்லிங்னு இன்னொரு ஃபீல்டு இருக்கு, அதுதான் ஹிட், மிஸ், பாஸ், பைப், சிந்த்னு பிரிச்சுச் சொல்லும். நமக்கு இங்க முக்கியம் மிஸ்ஸும் பாஸும்தான். மிஸ்னா கேஷ்ல தேடினேன், இல்ல, போய் எடுத்துட்டு வந்து வைக்கிறேன்னு அர்த்தம். பாஸ்னா நான் கேஷ்ல தேடவே இல்ல, நேரா ஆப்புக்கு அனுப்பிட்டேன், வர்ற பதிலையும் வச்சுக்க மாட்டேன்னு அர்த்தம். ரெண்டும் ஆப்புக்குத்தான் போகுது, ஆனா வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். மிஸ்ல ஒரே ஒரு ஆள் காத்திருப்பாரு, அவருக்குப் பின்னாடி வர்ற எல்லாருக்கும் ஹிட். பாஸ்ல மாட்டினவரு ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருப்பாரு, அவரு எத்தனை தடவை வந்தாலும் ஆப்தான் பதில் சொல்லும். புகார்ல இருந்த அந்த "சில பேருக்கு மட்டும்" ஞாபகம் வந்துச்சு பாருங்க, அங்கயே எனக்கு பாதி விடை கிடைச்ச மாதிரி இருந்துச்சு. ஹிட்மிஸ்ஸ எடுத்துட்டு ஹேண்ட்லிங் போட்டேன், ஹோம் பேஜோட மிஸ்ல பெரும்பாலானது பாஸ்னு மாறிடுச்சு.

அடுத்து நேரம். இங்க நிறைய பேரு தடுக்கி விழுற ஒரு விஷயம் யூனிட். வார்னிஷ்-என்சிஎஸ்ஏ-ல பெர்சென்ட் போட்டு கேப்பிட்டல் டி (D) போட்டா மைக்ரோசெகண்ட். அதே டூல்ல ஃபர்ஸ்ட்பைட் நேரம் (பதிலோட முதல் பைட் கிளம்புற வரைக்கும் ஆன நேரம்) வேணும்னு டைம்-ஃபர்ஸ்ட்பைட் ஃபீல்டு போட்டா அது செகண்ட், புள்ளி வச்சு வரும். என்ஜின்எக்ஸ்ல ரிக்வெஸ்ட் டைம் செகண்ட்ல, மில்லிசெகண்ட் வரைக்கும் தசமத்துல வரும். ஸ்குவிட்னு இன்னொரு கேஷ் சர்வர் இருக்கு, அதோட லாக்ல ரெண்டாவது காலம் மில்லிசெகண்ட். ஆக மூணு சர்வர் லாக ஒரே ஷீட்ல கொட்டினீங்கன்னா 1500ங்கிற நம்பர் ஒரு இடத்துல ஒன்றரை மில்லிசெகண்ட், இன்னொரு இடத்துல ஒன்றரை செகண்ட். அதனால நான் இப்போ ஃபீல்டு பேர்லயே யூனிட்ட சேத்து எழுதிடுறேன், லாக படிக்கிறவங்க மேனுவல தேடிப் போகத் தேவையில்லாதபடி.

மொத்த நேரத்த விட ஃபர்ஸ்ட்பைட் நேரத்த நான் ஏன் விரும்புறேன்னா, மொத்த நேரத்துல எதிர்ல இருக்கிறவரோட நெட் ஸ்பீடும் கலந்திருக்கும். மொபைல்ல சிக்னல் இல்லாத ஒருத்தர் பெரிய படத்த இறக்கினா 40 செகண்ட் ஆகும், அது ஹிட்டாவே இருந்தாலும். ஃபர்ஸ்ட்பைட் நேரம் நம்ம பக்கத்து தாமதத்த மட்டும் காட்டும். ரெண்டையுமே எழுதி வச்சா இன்னும் நல்லது, வித்தியாசத்தப் பாத்தாலே தாமதம் நம்ம வீட்லயா வழியிலயான்னு தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, சராசரி எடுக்காதீங்க, தயவுசெஞ்சு. கேஷ் சர்வர்ல நேரம் ரெண்டு குவியலாத்தான் விழும். 90 ரிக்வெஸ்ட் ஹிட், ஒவ்வொண்ணும் 1 மில்லிசெகண்ட், 10 ரிக்வெஸ்ட் மிஸ், ஒவ்வொண்ணும் 800 மில்லிசெகண்ட்னு வச்சுக்கோங்க, சராசரி போட்டா 80.9 வரும். அந்த நூறு பேர்ல ஒருத்தருக்குக்கூட 81 மில்லிசெகண்ட் ஆகல. ஹேண்ட்லிங் வாரியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் மீடியன் (நடு நம்பர்), 95வது பெர்சென்டைல் (நூத்துல 95 ரிக்வெஸ்ட் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்) தனித்தனியா எடுங்க, அப்பதான் அந்த நம்பர் யாரோ ஒரு நிஜ மனுஷன் அனுபவிச்ச நேரத்தச் சொல்லும்.

ஐபி விஷயத்துக்கு வர்றேன். வார்னிஷுக்கு முன்னாடி ஹிட்ச்ங்கிற டிஎல்எஸ் ப்ராக்ஸி மாதிரி, கிளையன்ட் ஐபிய கூடவே சொல்லி அனுப்புற ப்ராக்ஸி ப்ரோட்டோகால் பேசுற ஒண்ணு இருந்தா கிளையன்ட் ஐபி தானாவே சரியா வந்துரும். என்ஜின்எக்ஸ் மூலமா சாதாரண எச்டிடிபில வந்தா ஹெடர்லேர்ந்துதான் எடுக்கணும். நிறைய பேரு கிளையன்ட் ஐபிக்குன்னு இருக்கிற எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடர அப்படியே லாக்ல போடுவாங்க, அது வேலை செய்யும், ஆனா அந்த ஹெடர கிளையன்ட்டே பொய்யா போட்டு அனுப்பலாம், என்ஜின்எக்ஸ் வழக்கமான செட்டிங்ல அதுக்குப் பின்னாடி தன் பங்க ஒட்டும், வார்னிஷ் தன் பங்குக்கு 127.0.0.1 ஒட்டும், கடைசில ஒரு ரயில் வண்டி மாதிரி நீளும், அதுல எது நிஜம்னு வரி பாத்து சொல்ல முடியாது. நான் என்ஜின்எக்ஸ்ல எக்ஸ்-ரியல்-ஐபி-னு தனி ஹெடர் வச்சு, ரிமோட் அட்ரஸ அதுல மேலெழுதி அனுப்பி, லாக்ல அத மட்டும் போடுறேன். ஒரே ஐபி, ஒரே காலம்.

இப்போ இத்தனையும் டெர்மினல்ல ஓட்டிப் பாத்தாச்சு, பிரமாதமா வருது, சரி சர்வீஸ் ஃபைல்ல போட்டுரலாம்னு சிஸ்டம்-டி (லினக்ஸ்ல சர்வீஸ்ங்கள ஓட்டுறது) யூனிட் ஃபைல்ல, கமாண்ட் எழுதுற எக்ஸெக்ஸ்டார்ட் வரியில ஃபார்மட்ட அப்படியே ஒட்டி ஸ்டார்ட் பண்ணேன். லாக்ல ஐபி வர வேண்டிய இடத்துல ஸ்லாஷ் ரூட். நேரம் வர வேண்டிய இடத்துல ஸ்லாஷ் ரன். ஸ்டேட்டஸ் கோட் இடத்துல ஷெல்லோட பாத். ஒரு அரை மணி நேரம் வார்னிஷ்தான் குழம்பிருச்சுன்னு நினைச்சு தேடிக்கிட்டிருந்தேன். காரணம் என்னன்னா யூனிட் ஃபைல்ல பெர்சென்ட் குறிக்கு சிஸ்டம்-டியே தனக்குன்னு அர்த்தம் வச்சிருக்கு, சின்ன எச்னா (h) ஹோம் டைரக்டரி, சின்ன டி-னா (t) ரன்டைம் டைரக்டரி, சின்ன எஸ்னா (s) ஷெல். வார்னிஷ்-என்சிஎஸ்ஏ கைக்குப் போறதுக்கு முன்னாடியே அது எல்லாத்தையும் மாத்திடுது. ஒவ்வொரு பெர்சென்ட்டையும் ரெண்டு தடவை எழுதினா சரியாயிரும், ஆனா ஃபார்மட் நீளமா இருந்தா எங்கயாவது ஒண்ணு விட்டுப் போயிரும். ஃபார்மட்ட தனி ஃபைல்ல ஒரே வரியா எழுதி, மைனஸ் சின்ன எஃப் போட்டு அந்த ஃபைல் பேரக் குடுத்துருங்க, இதுதான் சுத்தமான வழி. அந்த ஃபைல கிட் (git) வெர்ஷன் கன்ட்ரோல்லயும் போட்டு வைக்கலாம், எந்தத் தேதியில எந்தக் காலம் சேந்துச்சுன்னு பின்னாடி பாக்கலாம்.

காலத்துக்கும் காலத்துக்கும் நடுவுல என்ன வைக்கிறதுங்கிறது சின்ன விஷயமா தெரியும், ஆனா எனக்கு அதுலதான் அதிகமா கோவம் வந்திருக்கு. ஸ்பேஸ் வச்சா யூசர் ஏஜென்ட்லயே ஸ்பேஸ் இருக்கு, தேதிக்குள்ளயும் டைம்ஸோனுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கு, அதனால ஆக் (awk, வரிய ஃபீல்டு ஃபீல்டா பிரிக்கிற டூல்) போட்டு எண்ணும்போது எட்டாவது ஃபீல்டா ஒன்பதாவதான்னு கணக்கு போட்டுக்கிட்டே இருக்கணும். என்ஜின்எக்ஸ்ல அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்னு ஒரு வேரியபிள் இருக்கு, முதல் பேக்எண்ட் (பின்னாடி இருக்கிற சர்வர்) கைய விரிச்சு ரெண்டாவது கிட்ட போச்சுன்னா ரெண்டு நேரத்தையும் கமா ஸ்பேஸ் போட்டு ஒரே ஃபீல்டுல எழுதும். எப்பவும் ஒரு நம்பர், பிரச்சனை வர்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு நம்பர், அதுக்கப்புறம் இருக்கிற எல்லாக் காலமும் ஒண்ணு தள்ளிப் போயிரும். அதாவது லாக் ரொம்பத் தேவைப்படுற வரியிலதான் ஸ்கிரிப்ட் தப்பா படிக்கும்.

சரி ஜேசன்ல (பேரும் மதிப்புமா ஜோடி ஜோடியா எழுதுற ஃபார்மட்) எழுதிரலாம்னு அடுத்து எல்லாருக்கும் தோணும். ஃபார்மட்ல கர்லி பிராக்கெட்டும் மேற்கோள் குறியும் கையால போட்டு ஜேசன் மாதிரி பண்ணலாம்தான், ஆனா யாராவது யூசர் ஏஜென்ட்ல விசித்திரமான கேரக்டர் அனுப்பினா லாகர் அத பின்ஸ்லாஷ் (\) எக்ஸ் போட்டு ஹெக்ஸா எழுதும், ஜேசன்ல அப்படி ஒரு எஸ்கேப்பே கிடையாது, பார்சர் அந்த வரிய வாங்க மாட்டேன்னுரும். என்ஜின்எக்ஸ்ல இதுக்குன்னே 1.11.8 வெர்ஷன்லேர்ந்து எஸ்கேப் ஈக்வல் ஜேசன்னு ஆப்ஷன் குடுத்திருக்காங்க, அது இருந்தா தைரியமா ஜேசன் போடலாம். அப்படி எதுவும் இல்லாத இடத்துல என் ஓட்டு டேபுக்குத்தான். டேப் ஏன்னா, உள்ள வர்ற டேப லாகரே பின்ஸ்லாஷ் போட்டு மாத்திரும், அதனால லாக்ல நிஜமான டேப் கேரக்டர் ஒண்ணு தெரிஞ்சா அது நான் வச்ச டேப் மட்டும்தான். வெளியிலேர்ந்து யாரும் என்ன அனுப்பினாலும் காலம் நகராது. ஒவ்வொரு காலத்துக்கும் முன்னாடி பேர் போட்டு கோலன் வச்சு எழுதிட்டா, எல்டிஎஸ்வி-னு சொல்வாங்க, நாளைக்கு நடுவுல ஒரு காலம் சேத்தாலும் பழைய ஸ்கிரிப்ட் உடையாது. கிரெப் பண்றவங்களுக்கும் சுலபம்.

அடுத்து சொல்லப்போறது தமிழ்ல யூஆர்எல் வச்சிருக்கிறவங்க கண்டிப்பா கவனிக்க வேண்டியது. டாப் யூஆர்எல் லிஸ்ட் எடுத்தப்போ ஒரு கட்டுரை மட்டும் நம்ப முடியாத அளவுக்கு மேல இருந்துச்சு. அந்த யூஆர்எல்ல எடுத்து பிரவுசர்ல போட்டா 404. லாக்ல 200னு இருக்கு, பிரவுசர்ல 404! யூஆர்எல்லோட வால உத்துப் பாத்தேன், பெர்சென்ட் இ 0 பெர்சென்ட்னு பாதியில நிக்குது. வார்னிஷ் ஷேர்டு மெமரில ஒரு ரெக்கார்டுக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு வச்சிருக்கு, விஎஸ்எல்-ரெக்லென்னு பேரு, டீஃபால்ட்டா 255 பைட். அதுக்கு மேல இருந்தா சத்தமில்லாம வெட்டிரும். லாக்ல மட்டும்தான் வெட்டு, ரிக்வெஸ்ட் முழுசாத்தான் ஆப்புக்குப் போகும், அதனாலதான் 200.

இங்கிலீஷ் யூஆர்எல்லுக்கு 255 தாராளம். தமிழுக்கு? "தமிழ்"ங்கிற சொல்லையே எடுத்துக்கோங்க. கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோட்ல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. ஒவ்வொண்ணும் யுடிஎஃப்-8ல 3 பைட், ஆக 15. பிரவுசர் அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் பெர்சென்ட் குறியும் ரெண்டு ஹெக்ஸ் எழுத்துமா மூணு மூணு கேரக்டராகும், ஆக 45. மூணு எழுத்துச் சொல்லுக்கு 45 கேரக்டர்! 255ல அந்த மாதிரி அஞ்சு சொல் போட்டா தீந்துபோச்சு. தலைப்போட ஆரம்பம் ஒரே மாதிரி இருக்கிற தொடர் கட்டுரைங்க எல்லாம், பகுதி ஒண்ணு, பகுதி ரெண்டுன்னு கடைசில வர்றது வெட்டுப்பட்டு, லாக்ல ஒரே கட்டுரையா கலந்துபோச்சு. அந்த லிஸ்ட்ல முதல் இடத்துல இருந்தது உண்மையில ஒரு முழுத் தொடர். ஓடிக்கிட்டிருக்கும்போதே வார்னிஷ்-அட்மின்ல அந்த பாராமீட்டர ஏத்தலாம், ரீஸ்டார்ட்லயும் நிக்கணும்னா ஸ்டார்ட் கமாண்ட்ல மைனஸ் பி போட்டு சேக்கணும், விஎஸ்எல்-பஃபர்ங்கிற இன்னொரு பாராமீட்டர் அத விட பெருசா இருக்கணும்ங்கிறத மட்டும் பாத்துக்கோங்க. நான் ரெண்டு கேபி வச்சிருக்கேன். ஹிந்தி, பெங்காலி, தாய் எல்லாத்துக்கும் இதே மூணு பைட் கணக்குதான், நீளமான குக்கி ஹெடருக்கும் இதே வெட்டுதான்.

என்ஜின்எக்ஸ் லாகையும் வார்னிஷ் லாகையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே ரிக்வெஸ்ட்ட தேடப் போனப்போ இன்னொரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒரே டவுன்லோடு, வார்னிஷ்ல ஒரு நேரம், என்ஜின்எக்ஸ்ல அதுக்கு 40 செகண்ட் தள்ளி. கடிகாரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஒரே மெஷின். வார்னிஷ்-என்சிஎஸ்ஏ எழுதுற நேரம் ரிக்வெஸ்ட் வந்து சேந்த நேரம், என்ஜின்எக்ஸ் எழுதுறது ரிக்வெஸ்ட் முடிஞ்சு லாக் எழுதுற நேரம். ஆனா ரெண்டுமே வரிய எழுதுறது முடிஞ்ச பிறகுதான், அதனால வார்னிஷ் லாக்ல வரிங்க நேர வரிசையில இருக்காது, பத்து மணிக்கு ஆரம்பிச்ச டவுன்லோடு பத்து மணி நாப்பது செகண்ட் வரிங்களுக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கும். நேரத்த வச்சு கண்ண மூடிக்கிட்டு ஜோடி சேத்தா தப்பாத்தான் சேரும். நேரத்த நம்பாம ஒரு ஐடிய வச்சு சேருங்க. வார்னிஷ் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் விஎக்ஸ்ஐடி-னு ஒரு நம்பர் குடுக்குது, அத லாக்ல ஒரு காலமா போட்டு, விசிஎல்ல (வார்னிஷோட கான்ஃபிக் மொழி) அதையே ஒரு ஹெடர்ல வச்சு ஆப்புக்கும் அனுப்பினா ஆப் லாக்லயும் அதே நம்பர் வரும், ரெஸ்பான்ஸ் ஹெடர்லயும் வச்சா என்ஜின்எக்ஸும் எழுதிக்கும். தேதி ஃபார்மட்டையும் அப்பவே மாத்திட்டேன், மாசத்த மூணு எழுத்துல எழுதுற பழைய வடிவத்த சார்ட் பண்ணவே முடியாது, வருஷம் மாசம் நாள்னு நம்பர்ல எழுதி யூடிசி-ல வச்சா சாதாரண சார்ட்டே போதும்.

லாக் ரொட்டேட் பத்தி ஒரே வார்த்தை. ஃபைல நகத்தின பிறகு லாகருக்கு ஹேங்கப் சிக்னல் அனுப்பணும், இல்லன்னா அது பழைய ஃபைலுக்குள்ளயே எழுதிக்கிட்டிருக்கும், புது ஃபைல் காலியா கிடக்கும். டிஸ்க் திணறி லாகர் பின்தங்கினா மெமரி வட்டம் சுத்தி வந்து அது படிக்காத இடத்து மேலயே எழுதிரும், அப்போ ஓவர்ரன்னு ஒரு மெசேஜ் வரும். அந்த மெசேஜ் வந்த நேரத்துல லாக்ல ஓட்டை இருக்குன்னு அர்த்தம், அந்த நேரத்து எண்ணிக்கைய நம்பாதீங்க.

இனி அந்த பாஸ் விஷயம். யாருக்கெல்லாம் பாஸ் ஆகுதுன்னு தெரியணும். வார்னிஷோட பில்ட்இன் விசிஎல்படி ரிக்வெஸ்ட்ல குக்கி ஹெடர் இருந்தாலே பாஸ்தான். எங்க விசிஎல்ல அனலிட்டிக்ஸ் குக்கி பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதி அத எடுத்துட்டுத்தான் உள்ள விடுறோம், அப்போ லிஸ்ட்ல இல்லாத ஏதோ ஒரு குக்கி வருது. அது எதுன்னு பாக்க குக்கிய லாக்ல போட்டா சுலபமா முடிஞ்சிரும், ஆனா அத செய்யவே கூடாது. லாகின் பண்ணினவங்களோட செஷன் அதுலதான் இருக்கு, லாக் ஃபைல படிக்க முடிஞ்ச யாரு வேணா அவங்களா உள்ள போயிரலாம். அதனால விசிஎல்ல ஈக்வலுக்கு அப்புறம் செமிகோலன் வரைக்கும் இருக்கிறத ரெஜெக்ஸ் போட்டு அழிச்சுட்டு, வெறும் குக்கி பேர மட்டும் எஸ்டிடி-லாக்ங்கிற ஃபங்ஷன் மூலமா ஒரு கீ போட்டு எழுத வச்சேன், வார்னிஷ்-என்சிஎஸ்ஏ-ல விசிஎல்-லாக் ஃபீல்டுல அந்தக் கீயக் குடுத்தா அது தனிக் காலமா வந்துரும். இதே கவனம் யூஆர்எல்லுக்கும் வேணும், பாஸ்வேர்டு ரீசெட் லிங்க்ல டோக்கன் எல்லாம் கேள்விக்குறிக்கு அப்புறம்தான் இருக்கும். ஸ்குவிட் டீஃபால்ட்டாவே கேள்விக்குறிக்கு அப்புறம் இருக்கிறத வெட்டிட்டுத்தான் லாக்ல எழுதும், அந்த முடிவு எடுத்தவங்கள நான் மனசார பாராட்டுறேன். ஐபியோட கடைசிப் பகுதியையும் கொஞ்ச நாள் கழிச்சு அழிச்சுருங்க.

புது ஃபார்மட் ஓடி ஒரு மணி நேரம் ஆச்சு. ஆக்ல ஹேண்ட்லிங் பாஸ் இருக்கிற வரிங்கள மட்டும் எடுத்து குக்கி பேர் வாரியா எண்ணினேன். ஒரே ஒரு பேரு எல்லாத்துக்கும் மேல நின்னுச்சு. கருத்துக்கணிப்புக்குன்னு புதுசா வச்ச ஒரு விட்ஜெட், அதுல ஓட்டு போட்டவங்களுக்கு, திரும்ப ஓட்டு போடாம இருக்க ஒரு குக்கி வைக்குது, மொத்த டொமைனுக்கும், ஒரு வருஷத்துக்கு. நம்மகிட்ட ஆர்வமா வந்து ஓட்டு போட்ட வாசகர்களுக்குத்தான் அன்னிலேர்ந்து ஒவ்வொரு பேஜும் மெதுவா வந்திருக்கு, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போனவங்களுக்கு எல்லாம் ஹிட். அத பாத்தப்போ மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. விசிஎல் லிஸ்ட்ல அந்தப் பேர சேத்தது ஒரே வரி வேலை, சேத்து ரீலோடு பண்ணி லாக டெயில்ல விட்டா பாஸ் பாஸ்னு வந்துக்கிட்டிருந்தது ஹிட்டா மாறுறது கண்ணு முன்னாடியே தெரிஞ்சுது.

எத்தனை நாளா இப்படின்னு கேட்டாங்க. பழைய லாக்ல தேடினேன், விட்ஜெட் வச்ச தேதி தெரியும், ஆனா எத்தனை பேரு, எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு அந்த வரிங்கள்ல எங்கயும் இல்ல, அதுக்கு நான் பதில் குடுக்க முடியல.

இப்போ என் ஃபார்மட் ஃபைல்ல இருக்கிற வரிசை இதுதான்: நேரம், விஎக்ஸ்ஐடி, எக்ஸ்-ரியல்-ஐபி, மெத்தட், ஹோஸ்ட், கேள்விக்குறி வரைக்கும் பாத், ஸ்டேட்டஸ், பைட், ஹேண்ட்லிங், ஃபர்ஸ்ட்பைட் செகண்ட், மொத்தம் மைக்ரோசெகண்ட், குக்கி பேருங்க, டிடிஎல், கடைசியா யூசர் ஏஜென்ட். டிடிஎல் நான் ரொம்ப ஆசையா சேத்தது, விசிஎல் ஹிட்ல ஆப்ஜெக்ட்டோட மிச்ச ஆயுள எழுத வைக்கிறேன், அது மைனஸ்ல வந்தா கிரேஸ்ல (ஆயுள் முடிஞ்ச பிறகும் குடுக்கலாம்னு விட்ட கூடுதல் நேரம்) பழைய காப்பி போயிருக்குன்னு அர்த்தம், ஹேண்ட்லிங்ல அதுவும் ஹிட்னுதான் இருக்கும், இந்தக் காலம் இல்லன்னா பிரிச்சுப் பாக்கவே முடியாது. இன்னும் ஒரு குறை இருக்கு, பேஜுக்குள்ள ஈஎஸ்ஐ-ல (பேஜ துண்டு துண்டா கேஷ் பண்ணி ஒட்டுற வசதி) வர்ற துண்டுங்க எதுவும் டீஃபால்ட்டா லாக்ல வர்றதில்ல, மைனஸ் கேப்பிட்டல் இ போட்டாத்தான் வரும். இந்த வாரம் அத தனி ஃபைலுக்கு எழுத விட்டுப் பாக்கப்போறேன், ஹெடர் மெனு துண்டு எத்தனை தடவை மிஸ் ஆகுதுன்னு பாக்கணும்.